ஆங்கிலத்துக்கு முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க மண்ணில் அச்சான முதல் பைபிள் 1782-இல் பிலடெல்பியாவில் ராபர்ட் எய்ட்கன் வெளியிட்டதே என்று ஞாயிறு இணைப்பில் படித்தேன். ஆங்கில பைபிள் என்று சொல்லியிருந்தால் சரி. 1663-லேயே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் பூர்வகுடிகளின் மொழியில் முழு பைபிள் அச்சாகிவிட்டது. மொழிபெயர்த்தவர் என்று பாதிரியார் ஜான் எலியட் பெயர்தான் நிற்கிறது. ஆனால் எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் என்ற பூர்வகுடி இனத்து இளைஞர். தொழிலே பெயராகி ‘ஜேம்ஸ் பிரிண்டர்’ ஆனவர். இரண்டாம் பதிப்பு நடந்தபோது, பொருள் புரிந்து எழுத்துக் கோக்கவும் மெய்ப்புத் திருத்தவும் அவர் ஒருவரால்தான் முடிகிறது என்று எலியட்டே கடிதம் எழுதியிருக்கிறார். எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் என்ற முறையில், இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது!

அடுத்து 1743-இல் பிலடெல்பியா அருகே ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோபர் சாவர் ஜெர்மன் பைபிள் அச்சிட்டார். ஆங்கில பைபிள் பிந்தியதற்குக் காரணம், அதை அச்சிடும் உரிமையை அப்போது அமெரிக்காவையும் ஆண்ட பிரிட்டிஷ் மன்னர் இங்கிலாந்தில் சிலருக்கு மட்டுமே கொடுத்திருந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் இறக்குமதி நின்றதும்தான் எய்ட்கனுக்கு வழி பிறந்தது.

எய்ட்கன் பைபிளை அமெரிக்க காங்கிரஸ் (அந்நாட்டு மக்களவை) செலவில் அச்சிட்டதாகக் கட்டுரை சொல்வதும் தவறு. காங்கிரஸ் பரிந்துரைத் தீர்மானம் போட்டது, பணம் தரவில்லை. சமாதானம் வந்து மலிவான லண்டன் பிரதிகள் மறுபடி இறங்கவே, எய்ட்கன் கையைச் சுட்டுக்கொண்டார்.

- ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், சிவகாசி