மூன்றாவது படத்தில் இருப்பது உன் கை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவர் எங்கே கேட்கிறார். சின்னவன் வேலை மாறியதை அவனே உனக்குச் சொல்லியிருப்பான். அத்தை விஷயம் நீ சொன்னபடியேதான் முடிந்தது.

போனில் இப்போதெல்லாம் நீ இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறாய். வேலை எப்படி என்றால் ‘போகுதும்மா’ என்கிறாய். முன்பெல்லாம் வால்வு வந்து உட்கார்ந்து அடைக்கும் இடமான ‘சீட்’டுக்கு என்ன பொருள் போட்டாய், எத்தனை பார் அழுத்தத்தில் கசிந்தது என்று நான் கேட்காமலே அரை மணி நேரம் சொல்வாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாதி புரிந்தும் பாதி புரியாமலும் சிரித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய்.

முதலில் வழக்கமானதைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். சோதனை மேசைப் பக்கம் போனாலே போட்டுக்கொள், ஒரு நிமிஷம்தானே என்று வெறும் கண்ணோடு குனியாதே. சிலிண்டரைத் திறக்கும் முன் ரெகுலேட்டர் கைப்பிடியை முழுக்கத் தளர்த்திவிடு. மெதுவாகத் திற. அழுத்தம் காட்டும் கேஜுக்கு நேர் எதிரே நிற்காதே. ஆக்சிஜன் பக்கம் எண்ணெய்க் கை ஆகவே ஆகாது. சட்டென்று திறந்தால் உள்ளே பாயும் வாயு நெருக்கப்பட்டு ஒரு நொடியில் எவ்வளவு சூடாகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸ் இருந்தால் போதும், பற்றிக்கொள்ளும். எல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் அசட்டையாக இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாஃப் தாலேன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாயே, நினைவிருக்கிறதா? கலங்கரை விளக்கங்களில் அசிட்டிலீன் எரித்த காலம். ஆள் போய் வர முடியாத பாறைமேல் விளக்கு, அது பகலிலும் எரிந்து வாயு வீணாகும். 1907-இல் தாலேன் கொண்டுவந்த சூரிய வால்வில் நடுவே கறுப்புப் பூசிய ஒரு தண்டு, சுற்றிலும் பளபளவென்று மெருகேற்றிய மூன்று தண்டுகள். வெளிச்சம் பட்டால் கறுப்புத் தண்டு அதை உறிஞ்சிச் சூடாகி, மற்ற மூன்றையும்விட மயிரிழை கூடுதலாக நீளும். அந்த மயிரிழை நீட்டம் போய் வால்வை மூடும். பொழுது சாய்ந்ததும் தண்டு சுருங்கும், வாயு திரும்பவும் வரும். மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. நீ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘மேகம் மூடினா என்னம்மா ஆகும்?’ என்று கேட்டாய். நீ எந்த வேலைக்குப் போவாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

1912-இல் ஒரு சோதனையின்போது அசிட்டிலீன் வெடித்து அவருக்கு இரண்டு கண்ணும் போயின. அதே வருடம் இயற்பியலுக்கான நோபல் பரிசு. போக முடியாத நிலையில் கண் மருத்துவரான சகோதரர் போய் வாங்கினார். பார்வை இல்லாமலே 1937-இல் இறக்கும்வரை அவர் வேலையை விடவில்லை. நீ வெடிப்பை விட்டுவிட்டு வால்வை மட்டும் பிடித்துக்கொண்டாய், நான் வெடிப்பைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கண்ணாடி போடு, கண்ணாடி போடு என்று நச்சரித்தேன். இப்போது அந்தக் கதையில் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தப் பரிசை எதற்குத் தருகிறோம் என்று எழுதும்போது, கலங்கரை விளக்கங்களிலும் மிதவைகளிலும் வாயுக்கலனோடு சேர்த்துப் பயன்படும் தானியங்கி ரெகுலேட்டர்களுக்காக என்றே எழுதினார்கள். ஒரு ரெகுலேட்டருக்காக, அதைச் செய்தவர் பெயரைச் சொல்லி.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. கடலுக்கடியில் மூச்சு விடும் கருவி என்றால் உலகம் கடலாய்வாளர் கூஸ்தோ பெயரைத்தான் சொல்கிறது. 1943-இல் அவரோடு சேர்ந்து அதைச் செய்தவர் எமில் காஞான், வாயுக் கருவிகளில் கைதேர்ந்த பொறியாளர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை வாயுவில் ஓட்டினார்களே, அதற்கான ரெகுலேட்டரை மாற்றியமைத்ததுதான் அந்தக் கருவியின் உயிர். இழுத்தால் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். பேச்சில் அவர் பெயர் விட்டுப்போனாலும் காப்புரிமைத் தாளில் கூஸ்தோ பெயரோடு அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. நீ தினம் கையில் எடுக்கும் நட்சத்திரத் தலை ஸ்குரூடிரைவரும் அப்படித்தான். ஊரெல்லாம் ஃபிலிப்ஸ் என்கிறது. அந்தத் திருகுத் தலையை முதலில் யோசித்தவர் ஜான் தாம்ப்சன், அவரிடமிருந்து உரிமையை வாங்கியவர்தான் ஹென்றி ஃபிலிப்ஸ். தாம்ப்சன் யார் என்று இன்று யாராவது தேடினால், அவர் பெயரில் 1933-இல் வந்த காப்புரிமை அங்கே இருக்கிறது. தாளில் பெயர் இருந்தால், தேடுகிறவனுக்கு என்றைக்காவது கிடைக்கும்.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

ஒரு காப்புரிமை விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் அதை வெளியிட்டுவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன்னுடையது எப்போது வெளியாகும் என்று நான் நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னவன்தான் கணினியில் தேடி எடுத்துக் கொடுத்தான். அச்சிட்டு வாங்கி அப்பாவுக்கு வாசித்துக் காட்ட உட்கார்ந்தேன். ‘கண்டுபிடித்தவர்கள்’ என்ற இடத்தில் இரண்டு பெயர். இரண்டும் உன்னுடையது இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கண்ணாடி தூசியாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது படத்தைப் பார்த்தேன். அந்தச் சாவி. ரெகுலேட்டர் சீட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் இந்த ஒரு சாவியால்தான் முடியும். வாயு வரும் வழியை முழுக்க மூடினால்தான் சாவி உள்ளே போகும், சாவி உள்ளே இருக்கும்வரை வழி திறக்காது. ஆளுக்கு மறதி வரலாம், சாவி மறக்காது என்று நீ சாப்பாட்டு மேசையில் நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தாயே, அதேதான். வால் பக்கம் சாய்வாக ஒரு துளை. உன் கருவிகள் எல்லாவற்றிலும் அந்தத் துளை இருக்கும், என் பட்டறைப் பலகை சாய்ந்து இருந்ததால் நேர்த்துளை போட்டு அதில் மாட்டிய ஸ்பேனர் வழுக்கி விழுகிறது என்று பத்து வயதில் நீ கண்டுபிடித்தது. படத்தைத் திருத்தி வரைந்தவருக்கு அது எதற்கென்றே தெரிந்திருக்காது, இருந்தும் அப்படியே வரைந்திருக்கிறார். அப்புறம் அந்த நட்டு. ஆறு மூலையிலும் கீறல். எரிவாயுப் பக்கம் இடது மரை, அதாவது இடப்பக்கம் திருகினால் இறுகும் மரை, என்பதை இருட்டில்கூட விரல் தடவித் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கீறல் என்று உன் விரலைப் பிடித்துக் காட்டியவள் நான். அந்தப் படத்தில் இருப்பது உன் கை. எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீயே ஒப்புக்கொண்டாயா, உன்னிடம் சொல்லாமலே போட்டார்களா, கேட்டு நின்று சண்டையாகி அதனால்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டாயா, எதையும் கேட்கவில்லை. சொல்லத் தோன்றும்போது சொல்.

ஆனால் ஒன்று கேள். ‘கம்பெனியில் செய்தது கம்பெனிக்குத்தானேம்மா’ என்று நீ சொல்லுவாய். உரிமை கம்பெனிக்குப் போகட்டும், சம்பளம் வாங்குகிறோம், சரிதான். பெயர் வேறு விஷயம். கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமையில் தன் பெயரைக் குறிப்பிடவைக்கும் உரிமை உண்டு என்று காப்புரிமை பற்றிய பாரிஸ் உடன்படிக்கையிலேயே தனிப் பிரிவு இருக்கிறது. மேலதிகாரி என்பதால் பெயர் போட முடியாது, பணம் ஒதுக்கினார் என்பதாலும் முடியாது. அந்த யோசனை யாருடைய தலையில் முழு உருவமாக வந்ததோ அவர்தான் கண்டுபிடித்தவர். சொன்னபடி கடைந்து கொடுத்தவர்கூட அதில் வரமாட்டார். விட்டுப்போன பெயரைப் பிறகு சேர்க்கவும் பெரும்பாலான நாடுகளில் வழி உண்டு, அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்த பிறகுகூடத் திருத்தலாம். தவறான பெயர்களோடு நிற்கும் காப்புரிமை நீதிமன்றத்தில் விழுந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் நீ கேட்பது அவர்களுக்கும் நல்லதுதான். அப்படியே சொல். தயங்காமல் சொல்.

பீட்டர் ராபர்ட்ஸ் என்ற பையனைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். பதினெட்டு வயதில், ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே, நட்டு மேல் பொருந்தும் சாக்கெட்டை ஒரே கையால் அழுத்திக் கழற்றிப் போடும் ராட்செட் ஸ்பேனரைச் செய்தவன். அந்தக் கடையின் கம்பெனி, இதற்குப் பெரிய மதிப்பில்லை என்று சொல்லி மொத்தம் 10,000 டாலருக்கு மேல் போகாதபடி உரிமையை வாங்கிக்கொண்டது. அந்த ஸ்பேனர் லட்சக்கணக்கில் விற்றது. 1969-இல் அவர் போட்ட வழக்கு 1989-இல்தான் சமரசத்தில் முடிந்தது. அத்தனை வருடம் அவரால் எப்படி நிற்க முடிந்தது தெரியுமா? 1965-இல் கிடைத்த காப்புரிமை அவர் பெயரில் இருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதிரே அவர் கையில் இருந்தது அந்தத் தாள்.

பள்ளிக்கூடத்தில் டெஸ்லாவின் வால்வை அட்டையில் வெட்டி, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பக்கம் எளிதாகப் போகும் காற்று மறுபக்கம் ஏன் தன்னையே முட்டிக்கொண்டு திணறுகிறது என்று எல்லோர் முன்னாலும் விளக்கினாயே, உன் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. ஆசிரியர் தப்பாகச் சொன்னதை அங்கேயே திருத்தினாய். அந்தப் பெண்ணா இப்போது ‘போகுதும்மா’ என்கிறாள்? எனக்குக் கோபமாகத்தான் வருகிறது, கண்ணு. உன் மேல்தான். பொறுமை வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. ரெகுலேட்டர் சீட்டில் ஒரு தூசி இருந்தால் என்ன ஆகும்? வெளி வால்வை மூடி வைத்திருக்கிறோம், கைப்பிடியைத் தொடவில்லை, ஆனாலும் கேஜ் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். பார்க்கும்போது அசைவது தெரியாது, திரும்பி வந்து பார்த்தால் ஏறியிருக்கும். போனில் உன் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முள்தான் நினைவுக்கு வருகிறது.

திட்டிவிட்டேன். இரவு பகல் பாராமல் உழைக்கிறவளைத் திட்டுகிறேனே என்று இருக்கிறது. அந்தச் சாவியைப் போல் ஒன்றை நான் வேலையில் இருந்த காலமெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. வழியை மூட மறந்து ரெகுலேட்டரில் ஸ்பேனர் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விரல்களையும் பார்த்திருக்கிறேன். உன் சாவி கையில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அதைச் செய்தவள் என் மகள் என்று நான் நான்கு பேரிடம் சொல்ல வேண்டாமா?

நீல நோட்டு இங்கேதான் இருக்கிறது. நாட்காட்டித் தாளையும் அதற்குள்ளேயே வைத்திருந்தாய். தாளின் முன்பக்கம் தேதி, பின்பக்கம் உன் படம், ஓரத்தில் அப்பா கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னால் அப்போது சிரித்தீர்கள் இருவரும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அசலை அனுப்பமாட்டேன், நீயே வந்து எடுத்துக்கொள். யாரிடமும் அசலைக் கொடுத்துவிடாதே. இப்போது செய்யும் வேலையையும் கட்டிய நோட்டில் எழுது, தேதி போடு, புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம் கையெழுத்து வாங்கு. புதிதாக ஏதாவது யோசித்திருந்தால் விண்ணப்பம் போகும் முன்பு வெளியே யாரிடமும் பேசாதே, மேடையிலும் சொல்லாதே. வெளியே சொன்னபின் அது புதிது இல்லை என்று பல நாடுகளில் தள்ளிவிடுவார்கள். எழுது, தேதி போடு. கண்ணாடியும் போடு.

இன்னொரு சந்தேகம். நான்காவது படத்தில் சாவித்தண்டைச் சுற்றி வரும், கசிவை அடைக்கும் ஓ-ரிங் வளையத்துக்கு நைட்ரைல் ரப்பர் என்று விவரிப்பில் எழுதியிருக்கிறார்கள். எரிவாயுவுக்கு சரி, அதே உடலை ஆக்சிஜனுக்கும் பயன்படுத்தலாம் என்று அடுத்த பத்தியில் சொல்கிறார்களே, அந்த அழுத்தத்தில் நைட்ரைல் எப்படித் தாங்கும்? உன் நோட்டில் நீ ‘வைட்டான்’ ரப்பர் என்றுதான் எழுதியிருக்கிறாய். இதை மாற்றியது நீ இல்லை என்று நினைக்கிறேன். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. பெயர் விஷயம் எப்படிப் போனாலும் இதை மட்டும் உடனே போய்ச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா