கணினித் திரையில் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினித் தமிழ் பற்றி உங்கள் இதழில் வரும் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். பேசினால் தட்டச்சாவது, இயந்திர மொழிபெயர்ப்பு, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாம் வந்துவிட்டது. ஆனால் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து தமிழில் விவரம் ஏற்றுகிறவர்களின் கண்ணை உறுத்தும் ஒரு விஷயத்தை யாரும் எழுதக் காணோம். அலுவலக மென்பொருள்களின் படிவங்களிலும் பட்டன்களிலும் தெரியும் தமிழ் எழுத்துருவை (ஃபாண்டை) யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? நான் பார்த்த வரையில் பெரும்பாலும் யாருமே தேர்ந்தெடுப்பதில்லை. வந்தது வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். உறுப்பினர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஏற்றுவதும் திருத்துவதும் என் வேலை. எங்களுக்கு வந்த மென்பொருளில் பெயர் எழுதும் பெட்டியின் உயரம் ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்தது. அதில் 'பூபதி' என்று அடித்தால் அடிப்பக்கம் வெட்டுப்பட்டு நிற்கும். அது பூவா, புவா என்று எட்டிப் பார்த்தாலும் தெரியாது. பு-பூ, சு-சூ, யு-யூ இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு முழுக்க வரிக்குக் கீழேதான் இருக்கிறது. தி-தீ, மி-மீ இவற்றுக்கு வரிக்கு மேலே. மெய்யெழுத்தின் புள்ளியும் மேலேதான். ஆக, பெட்டியில் மேலும் கீழும் இரண்டு மூன்று பிக்சல் (திரையின் மிகச் சிறு புள்ளி) குறைந்தால் போதும், தீபா திபா ஆகிவிடுவாள், சூர்யா சுர்யா ஆகிவிடுவான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தின் வால் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் சொல்லைப் படித்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று மென்பொருள் எழுதும் தெரிந்த தம்பி ஒருவரிடம் கேட்டேன். அவர் காட்டியதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம் அலுவலகங்களில் ஓடும் பல மென்பொருள்கள் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்ற மென்பொருள் கட்டும் கருவித்தொகுப்பில், படிவங்களை அமைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் முறையில் எழுதப்பட்டவை. அதன் பழைய பதிப்புகளில் புதிதாக ஒரு படிவம் திறந்தால் 'மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப், 8.25 பாயின்ட்' என்ற எழுத்துருவும் அளவும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ் வந்ததும் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் வேறு ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டுச் சமாளிக்கிறது. 8.25 பாயின்ட் என்பது சாதாரண மானிட்டரில் 11 பிக்சல். அந்த 11 பிக்சலுக்குள் மூன்று சுழி ண எப்படி நிற்கும்? இரண்டு சுழி ன-வோடு பிசைந்துபோய்விடுகிறது. டாட்நெட்டின் பிந்தைய பதிப்புகளில் இது 'சிகோ யூஐ, 9 பாயின்ட்' என்று மாறியிருக்கிறது. அதாவது 12 பிக்சல். சிகோவிலும் தமிழ் இல்லை.

விண்டோஸில் தமிழுக்கு எழுத்துரு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விண்டோஸ் 2000-இலேயே லதா வந்துவிட்டது. விண்டோஸ் 7-இல் விஜயா, விண்டோஸ் 8-இல் நிர்மலா யூஐ. நிர்மலா திரைக்கென்றே செய்யப்பட்டது. தமிழோடு இந்தி, தெலுங்கு, சிங்களம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடவே வருவதில்லை. வேண்டுமென்றால் தனியாகப் போய் நிறுவிக்கொள்ள வேண்டும். எங்கள் மென்பொருளில் தலைப்புகளுக்கு மட்டும் லதா என்று பெயர் சொல்லி எழுதிவைத்திருந்தார்கள். பழைய கணினிகளில் ஒழுங்காக இருந்தது. புதுக் கணினி வாங்கிப் போட்டதும் லதா இல்லாமல் வேறு எழுத்துரு வந்து, அகலம் மாறி, 'நியமனதாரர் பெயர்' என்ற தலைப்பு பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்துவிட்டது. செய்து கொடுத்தவர்களைக் கேட்டால் "உங்கள் கணினியில் ஃபாண்ட் இல்லை" என்கிறார்கள். சரி, வேண்டிய ஃபாண்டை மென்பொருளோடு சேர்த்துத் தருவது யார் பொறுப்பு?

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கௌரி, கௌதம், சௌந்தர்யா, மௌனிகா, இந்தப் பெயர்களை நம் ஊரில் பாதிப்பேர் ஔகாரக் குறியில் அடிப்பதில்லை. கெ அடித்து, பக்கத்தில் ள அடித்துவிடுகிறார்கள். கணினிக்குக் 'கௌ' என்பது க-வும் ஔகாரக் குறியும். 'கெள' என்பது க, எகரக் குறி, ளகரம். இரண்டும் வேறு வேறு. பெரும்பாலான எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருப்பதால் அடிக்கிறவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சரிபார்க்கிறவருக்கும் தெரியாது. ஒரு அம்மா வந்து கடன் கணக்கைக் கேட்கிறார், கௌரி என்று தேடுகிறோம், 'பதிவு இல்லை' என்கிறது திரை. இருபது வருட உறுப்பினர் அவர். நம்மை ஏமாற்றுகிறார்களோ என்று அவர் முகம் மாறுகிறது. பிறகு உறுப்பினர் எண்ணை வைத்துத் தேடினால் 'கெளரி' என்று கிடைக்கிறார். நல்ல எழுத்துருவில் அந்த வலப்பாதியைச் சற்றுச் சிறிதாக வரைந்திருப்பார்கள். அப்படி ஒன்று கண்முன் இருந்தால் அடிக்கும்போதே பிடித்துவிடலாம். மென்பொருளே எல்லாவற்றையும் மாற்றிவிடட்டும் என்றும் விட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் கெட்டுப்போகும்.

ரகரமும் காலும் இதே கதைதான். ர-வின் அடியில் சாய்வாக ஒரு சின்னக் கோடு இருக்கிறதே, அது ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. ர், ரி எழுதும்போது அதையும் விட்டுவிடும் எழுத்துருக்கள் நிறைய. சின்ன அளவில் கோடு மங்கிப்போனால் 'ராஜா' சரியா 'ராஜர' சரியா என்று யாரால் சொல்ல முடியும்?

இவ்வளவும் தமிழ் எழுத்தைப் பற்றித்தான். நாங்கள் ஏற்றுவதில் பாதி எண்களும் ஆங்கில எழுத்தும். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து. அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ஓ என்று நினைத்து அடித்தால் பணம் போய்ச் சேராது. ஆகையால் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அதோடு வரும் ஆங்கில எழுத்தையும் எண்களையும் கூடப் பார்க்க வேண்டும். பூஜ்யமும் ஓ-வும் பார்த்தவுடன் வேறாகத் தெரிய வேண்டும்.

எந்த எழுத்துருவைப் போடுவது என்று கேட்டால் என் கட்சி நோட்டோ சான்ஸ் தமிழ். கூகுள் வெளியிட்டது, திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, மென்பொருளோடு சேர்த்தே கொடுக்கலாம். காசும் வேண்டாம், யாரையும் அனுமதி கேட்கவும் வேண்டாம். தடித்த எழுத்துக்குத் தனி வடிவம் உண்டு. இது சின்ன விஷயமில்லை. லினக்ஸ் கணினிகளில் நெடுநாளாக இருந்த லோகித் தமிழில் தடித்த வடிவம் கிடையாது. அங்கே தடித்த எழுத்துக் கேட்டால் கணினியே கோட்டைப் பூசிப் பெரிதாக்கும். இ, ஞ, ண எல்லாவற்றின் சுழியும் அடைத்துப்போகும். நோட்டோவில் 'யூஐ' என்று இன்னொரு வகையும் இருக்கிறது. பெட்டி, பட்டன் உயரத்துக்குள் அடங்கும்படி மேல்கீழ் அளவை ஒடுக்கியது. இடம் குறைவான திரைக்கு அது உதவும். ஆனால் இடம் இருந்தால் பெட்டியைப் பெரிதாக்குவதே நல்லது, எழுத்தை ஒடுக்க வேண்டாம் என்பேன். விண்டோஸ் மட்டும் போதும் என்றால் நிர்மலாவும் நல்ல எழுத்துருதான், ஆனால் அதை எடுத்து மற்ற கணினிகளுக்குக் கொடுக்க உரிமம் இல்லை. மேக் கணினியில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. எதைப் போட்டாலும் பெயர்ப் பெட்டியில் 12 பாயின்டுக்குக் குறையக் கூடாது. சாய்ந்த எழுத்து வேண்டவே வேண்டாம். தமிழில் அந்த வழக்கம் இல்லை, கணினி தானாகச் சாய்த்துக் காட்டுவது கண்ணுக்கு வலிதான்.

எந்த எழுத்துக்குக் கணினிக்குள் எந்த எண் என்று வகுக்கும் யூனிகோட், டேஸ்-16 என்ற இரண்டு குறியாக்க முறைகளையும் 2010-இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு குறியாக்கத்தை வைத்துக்கொண்டு, ஃபாண்ட் மாறினால் கோப்பே கிறுக்கலாகிப்போன காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. அந்த அக்கறை இப்போது திரைக்கும் வர வேண்டும். அரசு அலுவலகமோ வங்கியோ பள்ளியோ மென்பொருள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போது 'யூனிகோட் தமிழ் வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. எழுத்துரு மென்பொருளோடு வர வேண்டும், அதற்குத் தடித்த வடிவம் இருக்க வேண்டும், எழுத்து வெட்டுப்படாத உயரம் வேண்டும் என்றும் எழுத வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் பூபதி, தீபா, சூர்யா, கௌரி, ராஜா, கிருஷ்ணவேணி என்று பத்துப் பெயரை அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். சாதாரண அலுவலக மானிட்டரில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எழுத்தர் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை.

உங்கள் இதழைக் கணினித் துறையில் இருப்பவர்களும் படிக்கிறார்கள். எழுத்துரு வடிவமைப்பாளர் ஒருவரிடமும் மென்பொருள் எழுதுகிறவர் ஒருவரிடமும் கேட்டு, ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகளை ஒரு பக்கமாக வெளியிடுங்கள். சோதிக்க வேண்டிய பெயர்ப் பட்டியலை எங்களைப் போன்ற எழுத்தர்களே தொகுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்