சத்திரத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

மண்டபம் ஊரில் நம் தெருமுனையில் உள்ள பழைய சத்திரத்தின் சீரமைப்பு முடிந்து, கட்டடம் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்திருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும் வரை இராமேசுவர யாத்திரிகர்கள் இக்கரையில் தங்கித்தான் தோணி ஏறினார்கள். பாலம் வந்தபின் அவர்கள் இங்கே இறங்காமலே கடந்து போனதால், சத்திரமும் அதை நம்பியிருந்த கடைகளும் ஓய்ந்தன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று உறுப்பினர்கள் சிலர் வலியுறுத்தினார்கள். அடித்தளமும், கூரையைத் தாங்கும் வைரம் பாய்ந்த பனங்கைகளும் உறுதியாக இருந்ததால் குழு அதற்கு இசையவில்லை.

கடற்காற்றைவிட, முன்பு ஒருமுறை பழுதுபார்த்தபோது பூசப்பட்ட சிமெண்டே சுவர்களுக்கு அதிகக் கேடு செய்திருந்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிட்டதால், உப்பு சுவருக்குள் படிந்து செங்கல்லைப் பொடியாக்கியிருந்தது. ஆகவே பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி உவரைப் போக்கினோம். பின்னர், கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறவைத்து, ஆற்றுமணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறல்நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்த காரையைப் பூசினோம். பின்கட்டில் அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாகப் பூசியதால் பூச்சு வெடித்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டியதாயிற்று. அந்தத் தாமதம் குழுவின் பிழையே. மூத்த கொத்தனார்களிடம் நம் தெருப் பிள்ளைகள் இருவர் இந்தக் காரை வேலையைக் கற்றுக்கொண்டது எங்களுக்குப் பெரிய நிறைவு.

பழைய சுவரில் பவளப்பாறைக் கற்களும் இருந்தன. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கடலிலிருந்து ஒரு கல்லும் எடுக்கவில்லை. சிதைந்த இடங்களைச் செங்கல் வைத்தே அடைத்தோம். நிறம் வேறுபட்டுத் தெரிந்தாலும் அதை மறைக்கவில்லை.

இப்போது முன்கூடம் படிப்பகமாகவும், பின்கட்டு அறைகள் பனையோலைப் பொருள் முடையும் பெண்களின் வேலைக்கூடமாகவும் இயங்குகின்றன. திண்ணை முன்போலவே வழிப்போக்கர்களுக்கு உரியது. பொழுது சாய்ந்ததும் அடங்கிப்போன தெருவில் விளக்கும் பேச்சும் திரும்பியிருக்கின்றன. எதிரே பூட்டிக்கிடந்த தேநீர்க்கடையும் திறந்துவிட்டது.

வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்கள் படிப்பகத்தில் பார்வையிடலாம். கிணற்றைத் தூர்வாரும் பணி மட்டும் எஞ்சியுள்ளது. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்பு அடிக்கவும், மாடித் தூம்புகளில் சேரும் மணலை அகற்றவும் பொறுப்பேற்க விரும்புவோர் செயலாளரிடம் பெயர் தருமாறு வேண்டுகிறோம்.

திருப்பணிக் குழு