பார்க்கிங் லாட்டில் சொன்ன அரை உண்மை

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்த விஷயத்தைச் சொன்னதும் "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பா ஏதோ மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருப்பாய். மேட்ச் எதுவும் ஓடவில்லை.

உன் பள்ளித் தோழியை இத்தனை வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்ததாகச் சொன்னாய். அவள் அம்மா இன்னும் என்னை ஞாபகம் வைத்திருக்கிறார், "அன்றைக்கு உன் அப்பா மட்டும் எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் கடனில் மாட்டியிருப்போம்" என்று நன்றி சொல்லி அனுப்பினார் என்றாய். அந்த நன்றி எனக்கு உரியதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சமாளிக்க ஆரம்பித்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் உன்னை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து அந்தத் தனியார் பள்ளியில் சேர்த்தபோது நீ அழுதாய். ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல். உன் தாத்தாவிடம் இந்தத் தொகையை நான் கடைசிவரை சொல்லவே இல்லை. நியூ ஜெர்சியில் நம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றும் மோசமில்லை, ஆனால் அங்கே கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டுகிற ஒரு காலேஜ் கவுன்சலருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இங்கே நாற்பது சொச்சம். அந்த வித்தியாசத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன், கல்விக்கு இல்லை. இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

நான் வளர்ந்த முறை வேறு. 1991-இல் எனக்கு நடந்தது ஒரே ஒரு கணக்கு. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, நுழைவுத் தேர்வு 100, மொத்தம் 300-க்கு என்ன வாங்கினாய் என்பதுதான் கேள்வி. அரை மார்க்கில் கிண்டி பொறியியல் கல்லூரி கைநழுவிப் போனது. என் அப்பா யாரிடமும் போய்ப் பேசவில்லை, பேசவும் ஆளில்லை, ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். இங்கே வந்து பார்த்தால் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல், பத்து 'ஆக்டிவிட்டி', "முழு மனிதரையும் பார்க்கிறோம்" என்கிற பேச்சு. மார்க் மட்டும் போதாது என்றால் ஒரு பிள்ளைக்கு அது எத்தனை ஆறுதலாக இருக்க வேண்டும்! எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது: யாரிடமாவது பேசினால் ஏதாவது நடக்கும்.

அதனால் பேசிக்கொண்டே இருந்தேன். ஆலோசனை சொல்ல ஓர் ஆளை வைத்தேன், 9,000 டாலர். உன் வீணை வேண்டாம், இந்தியப் பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு கச்சேரியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று அவர் சொன்னார். வீணை அலமாரிக்குப் பின்னால் போனது, நீ வாள்வீச்சு வகுப்புக்குப் போனாய். நம் ஊர் சிலம்பம் மாதிரிதான் என்று உன் பாட்டியிடம் சொல்லி வைத்தேன். மூன்று வருஷம் அந்த முகமூடிக்குள்ளே நீ எப்படி முகத்தை வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது, அதில் எனக்கு வசதியாகவும் இருந்தது.

ராத்திரி நீங்கள் தூங்கிய பிறகு நேவியன்ஸை, உங்கள் பள்ளி கல்லூரி விண்ணப்பங்களுக்கு வைத்திருந்த அந்தத் தளத்தை, திறந்து உட்காருவேன். உங்கள் பள்ளியிலிருந்து முந்தைய ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்கள் ஒவ்வொருவரும் அதில் ஒரு புள்ளி. ஒரு பக்கம் மதிப்பெண், இன்னொரு பக்கம் எஸ்.ஏ.டி. என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வின் மார்க், இடம் கிடைத்தவர்களுக்குப் பச்சை, கிடைக்காதவர்களுக்குச் சிவப்புக் குறுக்குக் குறி. பெயர் இருக்காது. ஆனால் அவ்வளவு சின்னப் பள்ளியில் பெயர் எதற்கு? அந்தக் கீழே தனியாக நிற்கிற பச்சை, தாத்தா பெயரில் கட்டடம் இருக்கிற பையன். இந்தச் சிவப்பு, எதிர் வீட்டு மாமி பெண். பிள்ளைகளைப் புள்ளிகளாகப் பார்க்க அங்கேதான் பழகினேன்.

2018 அக்டோபரில் பாஸ்டனில் ஹார்வர்டு வழக்கு விசாரணை தொடங்கியது உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஆசியப் பிள்ளைகளுக்கு 'ஆளுமை' மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே கோப்புகளிலிருந்து இன்னொன்றும் வெளியே வந்தது, அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது, மொத்தத்தில் பார்த்தால் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் கொதித்தன. நானும் கொதித்தேன். அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் அது எனக்கு ஓர் அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. நமக்கு அநியாயம் நடக்கிறது, ஆகவே நான் என்ன செய்தாலும் அது கணக்கைச் சரிசெய்வதுதான்.

நீ எர்லி டிசிஷன், அதாவது முன்கூட்டியே ஒரே ஒரு கல்லூரிக்குப் போடுகிற விண்ணப்பம், போடப்போகிற அதே கல்லூரிக்கு உன் தோழியும் போடப்போகிறாள் என்று ஒரு நாள் சாப்பிடும்போது நீ சந்தோஷமாகச் சொன்னாய். ரெண்டு பேருக்கும் கிடைத்தால் ஒரே அறையில் இருக்கலாம் என்றாய். நான் மேலே போய்ப் புள்ளிகளைப் பார்த்தேன். அந்தக் கல்லூரி உங்கள் பள்ளியிலிருந்து எர்லியில் ஓர் ஆண்டுக்கு ஒருவரை எடுத்திருந்தது, ஒரே ஒரு ஆண்டு இருவரை. அவளுக்கு உன்னைவிட மதிப்பெண் கொஞ்சம் அதிகம். பள்ளியின் உதவித்தொகையில் படித்தவள், அவள் அம்மா முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை, கல்லூரிக்குப் போகாதவர். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் இந்தக் கல்லூரிகள் தேடுகின்றன என்று என் ஆலோசகர் சொன்னார்.

முதலில் உங்கள் கவுன்சலரைப் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு வழக்கமான சுற்றில், ரெகுலரில், போடுவதுதானே நல்லது, நீங்கள் எடுத்துச் சொல்லக் கூடாதா என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இந்த அறையில் உங்கள் மகளைப் பற்றி மட்டும் பேசலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஆண்டு முடிந்ததும் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷம் வாஷிங்டனில் ஒரு பெரிய பள்ளியைப் பற்றிச் செய்தி வந்தது. பெற்றோர்கள் மற்ற பிள்ளைகளைப் பற்றிப் பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கப் போய், மறைத்த எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்க மாட்டோம் என்று பள்ளியே எழுதி அனுப்ப வேண்டிவந்தது, கவுன்சலர்கள் வேலையை விட்டுப் போனார்கள். எங்கள் வட்டத்தில் எல்லோரும் "சே, என்ன ஜனங்கள்" என்றார்கள். நானும் சொன்னேன்.

அப்புறம் அந்தப் பார்க்கிங் லாட். உங்களைக் கூட்டிப் போக வந்திருந்தோம், உன் தோழியின் அம்மா வேலை முடிந்து நேராக வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். எர்லி டிசிஷன் என்பது ஒப்பந்தம், கிடைத்தால் போயே ஆக வேண்டும், மாணவி, பெற்றோர், கவுன்சலர் மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள், நாலு கல்லூரி தருகிற உதவியை ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை, நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது ஆபத்து என்றேன். 'நம்மைப் போன்ற' என்று சொன்னேன், பார்.

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சொல்லாதது இது: உதவித்தொகை போதவில்லை என்றால் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம், அது அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்க ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது, 2011-இலிருந்து சட்டப்படி இருந்தாக வேண்டும், நமக்காக நான் அதைப் பத்துத் தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். அவருக்கு அதைக் காட்ட இரண்டு நிமிஷம் போதும். எர்லியில் போட்டால் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்பதையும் சொல்லவில்லை. ஓர் உதாரணத்துக்கு, அந்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகம் எர்லி டிசிஷனில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரை எடுத்தது, மொத்தத்தில் பார்த்தால் நூற்றுக்கு ஏழு சொச்சம். பாதி இடங்கள் டிசம்பரிலேயே போய்விடுகின்றன.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அடுத்த வாரம் உன் தோழி எர்லியை விட்டு ரெகுலருக்கு மாறிவிட்டாள் என்று நீ வருத்தமாகச் சொன்னாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே "அவங்க வீட்டு நிலைமை என்னவோ" என்றேன்.

மீதி உனக்குத் தெரியும். டிசம்பரில் உனக்கு 'டெஃபர்', முடிவைத் தள்ளிவைத்தார்கள், மார்ச்சில் இல்லை என்று பதில். அவளுக்கும் மார்ச்சில் இல்லை. நான் செய்ததால் நமக்கு ஒரு பைசா லாபமில்லை, ஆனால் கிடைத்திருந்தால் மட்டும் என்ன, அப்போதும் நான் தூங்கியிருப்பேன், அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

இடையில் மார்ச் 12. காசு கொடுத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இடம் வாங்கிய 'வர்சிட்டி ப்ளூஸ்' மோசடியில் கைதுகள். 33 பெற்றோர்கள் மீது வழக்கு, ரிக் சிங்கர் என்கிற அந்தத் தரகர் அதற்குப் 'பக்கவாசல்' என்று பெயர் வைத்திருந்தார். ஒரு நடிகை மகளின் தேர்வு விடைகளை மாற்றி எழுதவைக்க 15,000 டாலர் கொடுத்துப் பிறகு 14 நாள் சிறைத் தண்டனை வாங்கினார். நாம் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம், நீ கோபத்தில் கத்தினாய், "நம்ம அப்பா இந்த மாதிரி எல்லாம் பண்ண மாட்டார்" என்று அம்மாவிடம் சொன்னாய். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். எனக்குப் பக்கவாசலுக்குக்கூடச் செலவாகவில்லை.

சரி, இத்தனை வருஷம் நான் என்னை எப்படித் தேற்றிக்கொண்டேன் தெரியுமா? டேல், க்ரூகர் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்கள், அங்கேயே படித்தவர்களைப் போலத்தான் பின்னாளில் சம்பாதித்தார்கள் என்பது அதன் சாரம். நீ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து, உனக்குப் பிடித்த வேலையில், மறுபடி வீணை வாசித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாய், அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆய்வை நினைத்துக்கொள்வேன். போனால் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த வாரம் ராத்திரி தூக்கம் வராமல் அதை மறுபடி எடுத்து முழுக்கப் படித்தேன். நான் வசதியாகத் தாண்டிப் போன வரிகள் அதில் இருக்கின்றன. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரிகளால் பலன் உண்டு. அவர்கள் பின்னால் எழுதியதில் இன்னொன்று, பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆக, உனக்குக் கிடைக்காததில் உனக்குப் பெரிய இழப்பில்லை. அவளுக்கு இருந்திருக்கலாம். என் ஆறுதலாக வைத்திருந்த காகிதம் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அவளுக்கு எர்லியில் போட்டிருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நான் இவ்வளவு நாள் ஒளிந்துகொண்டிருந்தேன். முயற்சி செய்து பார்க்கும் உரிமை அவளுக்கு இருந்தது, அதை நான் நல்லவன் வேஷத்தில் எடுத்துவிட்டேன். அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒருவேளை இதை எல்லாம் உனக்காகத்தான் செய்தேன் என்று எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதி அழித்துவிட்டேன். நீ என்னிடம் கேட்கவில்லை. நீ கேட்டது அவளோடு ஒரே அறை.

அவள் அம்மாவின் முகவரி உன்னிடம் இருந்தால் அனுப்பு. நானே எழுதுகிறேன், சுருக்கமாக, சாக்கு எதுவும் சொல்லாமல். முதலில் நீ அவளிடம் பேச நினைத்தால் பேசு. அவளுக்குத் தெரியவே வேண்டாம், இப்போதுதான் மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறோம் என்று நீ நினைத்தால் அதையும் சொல், ஆனால் அந்த நன்றியை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் என்னால் இருக்க முடியாது, அதற்கு ஏதாவது வழி நீதான் யோசிக்க வேண்டும். கொஞ்ச நாள் நீ போன் எடுக்காவிட்டால் எனக்குப் புரியும். அம்மாவுக்கு மட்டும் எடு.

அம்மாவிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். எதுவும் பேசவில்லை. காலையில் எனக்குக் காபி போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தனியாக நடக்கப் போய்விட்டாள், இன்னும் திரும்பவில்லை.

அப்பா