தொம்பை தைத்த கைகளுக்கு

ஊர் மக்களுக்கும், வெளியூரில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

தேர் நிலைக்கு வந்துவிட்டது. அந்த ராத்திரி மழையில் எது எது போனது என்று எல்லாருக்கும் தெரியும். மறுபடி எழுத மனசு வரவில்லை. இந்த வருஷம் தேர் ஓடாது என்றே பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள்.

கீழத்தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்காவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தேரில் உருளை உருளையாகத் தொங்கவிடும் துணித் தொம்பைகள் நனைந்து, மடித்த இடமெல்லாம் இற்றுப் போயிருந்தன. புதிதாகச் செய்யக் கொடுத்தால் எப்போது கைக்கு வருமோ! அவரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. தானாக வந்து, தொம்பைத் துணியைப் பிரித்துத் திண்ணையில் பரப்பினார். "துணிதான் போச்சு, யாளி நல்லாத்தானே இருக்கு" என்று யாளியையும் தாமரையையும் ஓரம் பார்த்து வெட்டி எடுத்தார். புதுக் காடாத் துணியில் அவற்றை வைத்து ஒட்டுத்தையல் போட்டார். நாலு மடிப்பு சேரும் இடத்தில் வீட்டு மெஷினின் ஊசி பட்டுப்பட்டென்று ஒடிந்தது. 18-ஆம் நம்பர் ஊசி வாங்கி வரச் சொன்னார். தையல் விழும் கோட்டில் காய்ந்த சோப்புத் துண்டைத் தேய்த்தார், ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கியது. குஞ்சம் மட்டும் கைத்தையல்.

கூலிப் பேச்சை எடுத்தேன். "கல்யாண ஜாக்கெட்டெல்லாம் அப்படியே கிடக்கு. அந்தப் பொண்ணுங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க சார், போதும்" என்றார். சொல்லிவிட்டேன். ஒருவரைத் தவிர யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நம் சீமைக்கு இந்த மாதிரிக் கைத்தொண்டு புதுசில்லை. பக்கத்துத் திருப்புகலூர் முருக நாயனார் பூப்பறித்து மாலை கட்டியவர். திருவாரூர்த் தண்டியடிகள் கண் தெரியாமலே, கட்டிய கயிற்றைத் தடவித் தடவிக் குளத்து மண்ணை அள்ளிக் கொட்டினார். அப்பர் சுவாமி கையில் இருந்ததோ புல் செதுக்கும் உழவாரம். நாம் என்னடாவென்றால் ட்யூப்லைட்டில்கூட உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கிறோம். தையலில் யார் பெயரை எழுதுவது? எழுதினாலும் அக்கா பிரித்துப் போட்டுவிடுவார்.

அப்புறம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்ட ஆசாரிமார், மூங்கில் அனுப்பியவர், ஜெனரேட்டரை விட்டு நகராத தம்பி, சாம்பார் சாதம் கிளறிய பெண்கள், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பிய பிள்ளைகள், வடம் பிடித்த அத்தனை பேர், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

நான் கணக்கெழுதியே காலம் தள்ளியவன். ஊசியில் நூல் கோக்கக்கூடக் கண் ஒத்துழைக்காது. ஆனால் இனி விழாக் கணக்கை நானே எழுதுகிறேன், காசு வாங்காமல். சாமி முன்னால் சொல்லிவிட்டேன், உங்கள் முன்னாலும் சொல்கிறேன். இந்த வருஷ வரவு செலவு வியாழக்கிழமை மண்டபத்தில் ஒட்டப்படும், ஊசி வாங்கிய பில் உட்பட.

மீந்த காடாத் துணி கோயில் அலமாரியில் இருக்கிறது. சுவாமி குடைக்கு உறை தைக்க வேண்டும். தையல் தெரிந்தவர்கள் அக்காவைப் போய்ப் பாருங்கள், அந்தக் கல்யாண ஜாக்கெட்டுகள் முடிந்த பிறகு.