குழாய்க்குள் சுழலும் ஆவி

கும்பகோணம்
ஐப்பசி 20

அன்புள்ள முத்து,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மன்னார்குடிப் பக்கம் நடவு முடிந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை.

மூடிய குழாயின் சூடான முனையில் இருக்கும் ஜிங்க் செலினைடு என்ற குறைக்கடத்தியை, அயோடின் ஆவியாகச் சுமந்துபோய்க் குளிர்ந்த முனையில் படிகமாக வளர்க்க வேண்டும். அது ஒற்றைப் படிகமாக வராமல் கட்டியாக அப்புவதற்கு, உலையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைக் குறை சொல்கிறாய். எனக்கு அயோடின் மேல்தான் சந்தேகம். கனசென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் போட்டால், 850 டிகிரியில் அது மட்டுமே சுமார் 1.8 வளிமண்டல அழுத்தம். அது ஜிங்க் செலினைடோடு முழுக்க வினைபுரிந்தால் வாயு ஒன்றரை மடங்காகி 2.7 வரும். 3 வளிமண்டலம் தாண்டினால், ஆவி தானாக மெல்லப் பரவுவதை வெப்பச்சலனம் (சூட்டு வேறுபாட்டால் வாயு சுழல்வது) முந்திவிடும் என்பது பழைய கணக்கு. உன்னுடைய 20 மில்லிமீட்டர் குழாயில் அது இன்னும் சீக்கிரமே தலைகாட்டும். சூடான ஆவி கூரையை ஒட்டிப் போய், குளிர்ந்து, தரையை ஒட்டித் திரும்புகிறது. மேல்சுவரில் படிவு தடித்திருப்பது அதனால்தான். சரக்கு வேகமாக வந்து சேர்கிறது, ஆனால் கண்ட இடத்தில் கரு (புதுப் படிகத்தின் தொடக்கத் துகள்) கட்டுகிறது.

சுழற்சியின் வலிமை வாயு அடர்த்தியின் இருபடிக்கும் குழாய் விட்டத்தின் முப்படிக்கும் ஏற்பக் கூடும்; இரு முனைகளின் வெப்ப வேறுபாட்டுக்கு வெறும் ஒருபடிதான். அயோடினை 2 மில்லிகிராமாக்கு, 12 மில்லிமீட்டர் குழாய் எடு: இரண்டும் சேர்ந்து சுமார் 29 மடங்கு குறையும். 50 டிகிரி வேறுபாட்டை 20 ஆக்கினால் கிடைப்பது இரண்டரை மடங்குதான். வளர்ச்சி மெதுவாகும், பொறுத்துக்கொள்.

படுக்கை உலையில் வேறுபாடு எவ்வளவு சிறிதானாலும் சுழற்சி இருந்தே தீரும். நிமிர்த்தி, சூடான முனையை மேலே வைத்தால் அடங்கும். ஆனால் மூலப்பொருள் பக்கத்து வாயு எடை கூடியதாக இருந்தால் அது கீழே இறங்கி மறுபடி கலக்கும். ஆகவே வெப்பத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே.

காற்றை உறிஞ்சிக் குழாயைச் சீல் வைக்கும்போது கவனம்: 25 டிகிரியிலேயே அயோடினுக்கு 0.3 டார் (ஒரு வளிமண்டலம் என்பது 760 டார்) ஆவியழுத்தம். அயோடின் இருக்கும் அடிமுனையை உறைய வைக்காமல் பம்ப் போட்டால் நீ எடைபோட்டது பம்புக்குள் போய்விடும். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கு வைத்திருக்கிறார்களே, அந்தத் திரவ நைட்ரஜன் கொஞ்சம் கேட்டுப் பார். இந்த ஈரத்தில் வெறுங்குழாயை முதலில் வெற்றிடத்தில் நன்றாகச் சுட்டெடு.

கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓட்டாதே. சில மணி நேரம் வளர்முனையை (படிகம் வளரும் முனை) மூலமுனையை விடச் சூடாக்கி, புதிதாகக் கட்டிய கருக்களைத் துரத்திவிட்டுப் பிறகு பழைய வெப்பநிலைக்குத் திருப்பு. முடிக்கும்போது மூலமுனை முதலில் குளிரட்டும். அயோடின் அங்கே ஒதுங்கும், படிகம் சுத்தமாக வரும்.

அன்புடன்,
சேகர்