பள்ளி வாசலில் மெட்டல் டிடெக்டர் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. அதிலிருந்து எங்கள் வேலூர் பக்கத்துப் பெற்றோர் பலர், பள்ளி வாசலில் மெட்டல் டிடெக்டர் வைக்கச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால், உடற்கல்வி ஆசிரியராகக் காலை வேளைகளில் கேட்டில் நின்றவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கருவிக்கு உலோகம் தெரியும், ஆயுதம் தெரியாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ், காம்பஸ், குடை, சைக்கிள் சாவி எல்லாவற்றுக்கும் கத்தும். மணி அடிக்கிற நேரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருக்கியடித்து வரும்போது யார் நின்று பார்ப்பது? கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்தை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். சுற்றுச்சுவர் இடிந்த பள்ளியில் வாசல் வழியாக வரவேண்டிய அவசியமே இல்லை.

பையைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்தால் எல்லார் பையையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் ஓரமாக நிறுத்தினால் அங்கேயே அடுத்த பகை தொடங்கிவிடும். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண்ணின் பையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அம்மா பீடி சுற்றுகிறவர். இலை வெட்டும் கத்தரியைச் சாணை பிடித்து வரச்சொல்லிக் கொடுத்திருக்கிறார். சோதித்தவர் அதை வரிசை முழுக்கப் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். அந்தப் பெண் அப்புறம் பல நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை.

அமெரிக்காவில் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அரசே ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 81 சதவீதத்தில், தாக்கப்போகும் விஷயம் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படித்தவர்களுக்குத்தான். நம் பிள்ளைகளுக்கும் தெரியும். யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறான், சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதெல்லாம் பின் பெஞ்சில் முதலில் தெரிந்துவிடும். சொன்னால் கோள்மூட்டி என்று பெயர் வரும், அடி விழும் என்றுதான் வாயைத் திறப்பதில்லை.

2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளி நல அலுவலர்களை நியமிக்கச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. கருவி வாங்கும் பணம் இருந்தால் வேலூர் மாவட்டப் பள்ளிகளில் முதலில் அவர்களை நியமிக்கட்டும். யார் சொன்னது என்று வெளியே தெரியாமல் ஒரு பிள்ளை போய்ப் பேச ஓர் அறையும் ஒதுக்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் எல்லா வகுப்பறைகளிலும் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காட்பாடி.